தூது, நட்பு, துரோகம்: 1968இல் சிங்கப்பூருக்கும் ஜகார்த்தாவுக்கும் இடையே சொற்கள்



இரு நாடுகள் முதன்முதலாக நேருக்கு நேர் நின்று உறவு பேசத் தொடங்கும் காலத்தில், படைவலியைவிடச் சொல்வன்மைக்கு வேலை மிகுதி. யாரை எப்பெயரால் அழைப்பது, நடந்த ஒன்றை எச்சொல்லால் குறிப்பது என்பவற்றில் நேரும் சிறு பிசகும் பெரும் பகையாக முடியலாம். இதனை ஏட்டளவில் விளக்குவதினும் நம் நாட்டு வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவது தக்கது. 1963 முதல் 1973 வரை சிங்கப்பூருக்கும் இந்தோனீசியாவுக்கும் இடையே நிகழ்ந்தவை அதற்குப் பொருந்தும். அவற்றில் தீவிர அரசியலும் தூதும் உண்டு. நட்பு முறிந்ததாக இரு தரப்பும் கருதிய ஒரு நாளும் உண்டு.

தூதும் டூத்தாவும்

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தூது’ என ஓர் அதிகாரமே வகுத்தார். தூது செல்வோனுக்கு அன்பும் அறிவும் ஆராய்ந்து பேசும் ஆற்றலும் இன்றியமையாதவை என்பது அவர் கருத்து. தன் உயிருக்கே முடிவு நேரினும் தன்னை அனுப்பிய அரசுக்கு நலம் தேடுபவனே தூதன் என்று அவ்வதிகாரத்தை நிறைவு செய்கிறார். சங்க காலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை நாம் அறிவோம். நெய் பூசி மாலை சூட்டிக் காவலுள் வைக்கப்பட்டிருந்த தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வது போலப் புகழ்ந்து, தம் மன்னனின் படைக்கலங்கள் போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சி எச்சரிக்கையாயிற்று. சொல்லின் மேற்பொருளும் உட்பொருளும் வேறுபடுவதே தூதின் கலை என்பதற்கு இது பழஞ்சான்று.

தூது என்னும் சொல் வடமொழியின் ‘தூத’ என்பதோடு தொடர்புடையது. அதே வடசொல் கடல் கடந்து மலாய் மொழியிலும் புகுந்து ‘டூத்தா’ என வழங்குகிறது. தூதரை மலாயும் இந்தோனீசியமும் ‘டூத்தா பெசார்’ என்று கூறும். ‘பெசார்’ என்பது பெரிய எனப் பொருள்படும். தூதரகம் ‘கெடுத்தாஆன்’ எனப்படும். ஆக, தமிழரும் மலாய் மொழியினரும் தூதரை ஒரே வேரிலிருந்து எழுந்த சொல்லால் அழைக்கின்றோம். இவ்வாறு வேரொன்றாயிருந்தும் பொருள் வேறாகிப் போன சொற்கள் இக்கட்டுரையில் மேலும் சில வரும். அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றி நடந்த போர்

1963 செப்டம்பர் 16 அன்று மலாயா, சிங்கப்பூர், சாபா, சரவாக் ஆகியவை இணைந்து மலேசியா உருவாயிற்று. இந்தோனீசிய அதிபர் சுகார்னோ அதனைப் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் புதிய வடிவம் எனக் கருதி எதிர்த்தார். மலேசியா பிறப்பதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியில், அவருடைய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்னும் கொள்கையை அறிவித்திருந்தார்.

இச்சொல்லின் அமைப்பைக் காண்க. டச்சு மொழியில் ‘ஆட்சி’ என்பது போல ஒலிக்கும் விகுதி இந்தோனீசியத்தில் ‘ஆசி’ என மாறும். அவ்வழியில் வந்த கடன்சொல் இது. எதிர்கொள்ளல், நேர்நிற்றல் என்பதே அதன் நேர்ப்பொருள். போர் என்னும் சொல்லை இது தவிர்க்கிறது. போர் என்று அறிவித்தால் அனைத்துலகச் சட்டத்தின் கடப்பாடுகள் பின்தொடரும். ‘எதிர்கொள்ளல்’ என்றால் படைவீரர் எல்லை தாண்டலாம், வெடிகுண்டு வெடிக்கலாம். ஆயினும் ஏட்டில் போர் இராது. தமிழில் இதனை ‘மோதல்’ என்றோ ‘எதிர்ப்புக் கொள்கை’ என்றோ எழுதுவதுண்டு. ‘மோதல்’ என்றால் இரு தரப்பும் மோதியதாகப் பொருள் வரும். ‘எதிர்ப்பு’ என்றால் ஒரு தரப்பின் செயலாகும். மொழிபெயர்ப்பாளர் தெரிவு செய்யும் சொல்லே பொறுப்பு யாரைச் சாரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

இதனோடு சுகார்னோ மக்கள்திரளுக்கு வழங்கிய முழக்கச் சொல் ‘கஞாங்’ என்பது. நசுக்குக, ஒழித்துக்கட்டுக என்று அரசியலில் அது பொருள்பட்டது. அதன் முதற்பொருள் பச்சையாகத் தின்னுதல். ஆட்சியாளர் கொள்கை அறிக்கையில் ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்னும் அயற்சொல்லும், தெருவில் ‘கஞாங்’ என்னும் நாட்டுச்சொல்லும் ஒரே வேளையில் வழங்கின. முன்னது உலகின் செவிக்கு. பின்னது தம் மக்களின் வயிற்றுக்கு. தீவிர அரசியல் எந்நாட்டில் தோன்றினும் இவ்விரட்டை மொழியை அதனிடம் காணலாம். அறிக்கையின் மொழி மென்மையாகவும் மேடையின் மொழி கொடூரமாகவும் அமையும்போது, மேடையில் கேட்டவர்கள்தாம் செயலில் இறங்குகிறார்கள்.

1965 மார்ச் 10

டோபி காட் எம்ஆர்டி நிலையம், வடகிழக்குத் தடத்தில் லிட்டில் இந்தியாவுக்கு முந்தைய நிறுத்தம். ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அங்கு ஓடிய நீரில் துணி வெளுத்ததால் அப்பெயர் நிலைத்தது. அந்நிலையத்துக்கு அருகே, ஆர்ச்சர்ட் சாலையில், செங்கல் முகப்புடன் நிற்கும் பத்து மாடிக் கட்டடமே மெக்டோனல்ட் ஹவுஸ். அது 1949இல் கட்டி முடிக்கப்பட்டது. 2003இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1965 மார்ச் 10, பிற்பகல் மூன்று மணி கடந்த சில நிமிடங்களில் அக்கட்டடத்தில் வெடிகுண்டு வெடித்தது. அங்கிருந்த வங்கியில் பணியாற்றிய பெண்கள் இருவர் உயிரிழந்தனர். ஓட்டுநர் ஒருவர் காயத்தால் சில நாள்களில் இறந்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்ட மூவரும் ஓர் இனத்தவர் அல்லர். குண்டு ஆளின் மொழியையோ மதத்தையோ கேட்பதில்லை.

குண்டை வைத்தவர்கள் இந்தோனீசியக் கடற்படையின் கமாண்டோ பிரிவைச் சேர்ந்த உஸ்மான், ஹருண் என்னும் இருவர். பொதுமக்களைப் போன்ற உடையில் அவர்கள் சிங்கப்பூருக்குள் வந்திருந்தனர். தப்பிச் செல்ல முயன்றபோது கடலில் பிடிபட்டனர். அவர்களின் இயற்பெயர்கள் வேறு. உஸ்மான், ஹருண் என்பவை ஊடுருவும் பணிக்காக ஏற்ற பெயர்கள். இப்பெயர்களே பின்னாளில் கல்லறையிலும் கப்பலிலும் பொறிக்கப்பட்டன என்பது மொழி ஆய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டியதொன்று.

சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு மாநிலம். அவ்வாண்டு ஆகஸ்ட் 9 அன்று தனிநாடாயிற்று. அக்டோபரில் உயர் நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடு தள்ளுபடியானது. இறுதியாக 1968இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் தள்ளுபடி செய்தது. வழக்கின் மையம் ஓர் எளிய வினா: இவர்கள் போர்க்கைதிகளா, கொலைக்குற்றவாளிகளா? அவர்கள் தம் நாட்டுப் படைவீரர்கள்தாம். ஆயினும் சீருடையின்றி வந்து பொதுமக்கள் பணியாற்றும் கட்டடத்தில் குண்டு வைத்தமையால் போர்க்கைதிகளுக்குரிய பாதுகாப்பைக் கோர இயலாது என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு. சீருடையும் ஒரு மொழியே. ‘நான் படைவீரன், என்னை எதிரியாக அறிந்துகொள்’ என்று அது எதிரிக்குச் சொல்கிறது. அதைக் களைந்து நுழைபவன் அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். அதனால் அச்சொல் அளிக்கும் காவலையும் இழக்கிறான்.

நண்பர்கள் அமர்ந்த மேசை

இதற்கிடையே ஜகார்த்தாவில் ஆட்சி மாறியது. 1965 செப்டம்பர் இறுதியில் படைத்தளபதிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பெருங்குழப்பமும் படுகொலைகளும் நிகழ்ந்தன. ஜெனரல் சுகார்த்தோ படிப்படியாக ஆட்சியைக் கைக்கொண்டார். 1966 ஆகஸ்டில் மோதல் கொள்கை முறைப்படி முடிவுக்கு வந்தது. 1967 ஆகஸ்ட் 8 அன்று பேங்காக்கில் ஐந்து நாடுகள் கூடி ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்தன. அடுத்த மாதம் சிங்கப்பூரும் இந்தோனீசியாவும் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன.

பேங்காக் பிரகடனத்தில் சிங்கப்பூருக்காகக் கையொப்பமிட்டவர் எஸ். ராஜரத்னம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த தமிழர். இந்தோனீசியாவுக்காகக் கையொப்பமிட்டவர் ஆடம் மாலிக். இருவருக்கும் ஓர் ஒற்றுமை: இருவரும் அரசியலுக்கு முன் செய்தியாளர்கள். ஆடம் மாலிக் 1937இல் ‘அந்தாரா’ செய்தி நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவர். ராஜரத்னம் சிங்கப்பூர் நாளேடுகளில் எழுதியவர். 1966இல் நம் தேசிய உறுதிமொழிக்கு வரைவு எழுதியவர். சொல்லின் எடையறிந்த இருவர் ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்டனர்.

அந்த நட்பின் வயது பதினான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, ஒரு தூக்குத் தண்டனை அதன் குறுக்கே நின்றது.

1968 அக்டோபர் 17

சட்டத்தின் வழிகள் முடிந்தபின் எஞ்சியது கருணை மனு. அதிபர் சுகார்த்தோ தம் நெருங்கிய படை அதிகாரி ஒருவரைச் சிறப்புத் தூதராகச் சிங்கப்பூருக்கு அனுப்பி, இருவரின் உயிரையும் காக்குமாறு வேண்டினார். சிங்கப்பூர் அமைச்சரவையின் முன் நின்ற சிக்கலை நேர்மையாக எடைபோட வேண்டும்.

ஒரு தட்டில்: பத்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட அண்டை நாடு, அப்போதுதான் பகை மறந்து கை நீட்டியிருந்தது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போவதாக அவ்வாண்டு ஜனவரியில் லண்டன் அறிவித்திருந்தது. சிங்கப்பூரின் படை அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. மோதல் காலத்தில் கைதான 43 இந்தோனீசியரைச் சிங்கப்பூர் முன்னரே விடுவித்திருந்தது. குண்டு கொண்டுவந்ததற்காக மரண தண்டனை பெற்ற வேறு இருவரையும் ஜகார்த்தாவின் வேண்டுகோளை ஏற்று விடுவித்திருந்தது.

மறு தட்டில்: விடுவிக்கப்பட்டோர் தீங்கு விளையுமுன் பிடிபட்டவர்கள். உஸ்மானும் ஹருணும் வைத்த குண்டோ மூன்று உயிர்களைப் பறித்தது. பெரிய நாட்டின் வேண்டுகோளுக்காகச் சிறிய நாடு தன் நீதிமன்றத் தீர்ப்பை ஒதுக்கினால், அண்டை நாடுகளுக்கிடையேயான உறவை இனிச் சட்டம் ஆளுமா, வலிமை ஆளுமா? பின்னாளில் லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்புகளில் இம்முடிவுக்குக் கூறிய காரணத்தின் சாரம் இதுவே.

அக்டோபர் 17 காலை சாங்கி சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்றே ஜகார்த்தாவில் மாணவர் கூட்டம் சிங்கப்பூர்த் தூதரகத்துக்குள் புகுந்து சூறையாடியது. தூதரின் இல்லமும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அப்போது அங்குத் தூதராக இருந்தவர் பி. எஸ். ராமன். உயிருக்கே முடிவு நேரினும் என்று வள்ளுவர் எழுதியது அன்று ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. இருவரின் உடல்களும் ஜகார்த்தா கொண்டுசெல்லப்பட்டு, காலிபாத்தா வீரர் கல்லறையில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. இருவருக்கும் தேசிய வீரர் பட்டம் வழங்கப்பட்டது.

பழிக்குப் பழி என்னும் குரல்கள் அங்கே எழுந்தன. ஆடம் மாலிக் அமைதி காக்குமாறு வேண்டினார். சுகார்த்தோவின் அரசு பகையை மேலும் வளர்க்கவில்லை. ஆயினும் நட்பு உறைந்துபோயிற்று.

யார் யாருக்குச் செய்த துரோகம்?

இந்தோனீசியர் பலரின் பார்வையில் நிகழ்ந்தது இது: மோதல் முடிந்துவிட்டது. மோதலைத் தொடங்கிய ஆட்சியும் போய்விட்டது. மேலிடத்து ஆணையை நிறைவேற்றிய இரு வீரர்களுக்காக அதிபரே தம் பெருமையை விட்டு வேண்டினார். நண்பன் மறுத்தான். சிங்கப்பூரர் பார்வையில் நிகழ்ந்ததோ வேறு: வங்கியில் வேலை பார்த்த பெண்கள் கொல்லப்பட்டனர். கொன்றவர்களை நட்பின் பெயரால் விடுவிக்கக் கேட்பதே நட்பை இழிவு செய்வது. அதற்கு இணங்காததற்காகத் தூதரகத்தைச் சூறையாடுவது விருந்தினரை வீடு புகுந்து அடிப்பது போன்றது.

இங்கே மீண்டும் சொற்களுக்கு வருவோம். தமிழில் துரோகம் என்பது வடமொழியின் ‘த்ரோக’ வழி வந்தது. நம்பிக்கைத் துரோகம், நட்புத் துரோகம், தேசத் துரோகம் எனப் பல அடைகளோடு அது வழங்குகிறது. அதே வேரினின்று மலாயில் ‘டெர்ஹாக்கா’ என்னும் சொல் உண்டு. ஆனால் அது எல்லாத் திசையிலும் செல்லாது. குடிமகன் அரசனுக்கும் பிள்ளை பெற்றோருக்கும் இழைக்கும் பிழையே டெர்ஹாக்கா. கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. நண்பன் நண்பனுக்குச் செய்வதை மலாய் மொழி அரபு வழி வந்த ‘கியானாட்’ என்னும் சொல்லால் குறிக்கும். தமிழில் ஒரே சொல் சுமக்கும் இரு பொருளை மலாய் இரண்டு சொற்களில் பிரித்து வைத்திருக்கிறது.

இவ்வேறுபாடு அகராதியோடு முடிவதன்று. சமமானவர்களுக்கிடையே நிகழும் பிழைக்கு ஒரு சொல், சிறியோர் பெரியோருக்கு இழைக்கும் பிழைக்கு வேறொரு சொல் என்று வகுத்த பண்பாட்டில், சிறிய நாடு பெரிய நாட்டின் வேண்டுகோளை மறுத்தது எந்த வகையில் சேரும்? சிங்கப்பூர் தன்னைச் சமநாடாகக் கருதியது. அன்றைய ஜகார்த்தாவின் தெருக்களில் நின்றவர்கள் அவ்வாறு கருதினார்களா என்பது ஐயமே. ‘அண்ணன்’ என்று ஒருவன் தன்னை எண்ணிக்கொண்டிருக்க, மற்றவன் ‘நண்பன்’ என்று மட்டும் எண்ணினால், இருவரும் ஒரே செயலை இருவேறு குற்றங்களாகக் காண்பர். நட்பில் முறிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு சொல்லையும் காண்க. காலிபாத்தாவில் அடக்கமானோரை இந்தோனீசியர் ‘பஹ்லாவான்’ என்பர். வீரர், நாட்டுக்காக உயிர் ஈந்தவர் எனப் பொருள். பாரசீகத்தின் ‘பஹ்லவான்’ என்பதே இதன் மூலம். அதே பாரசீகச் சொல் தமிழுக்கும் வந்தது. நாம் அதனைப் ‘பயில்வான்’ என்கிறோம். நமக்கு அவன் மற்போர் செய்பவன், உடற்கட்டு உடையவன். ஒரு சொல் இரு கரைகளில் இறங்கியது. ஓரிடத்தில் அதற்குக் கல்லறையும் கொடியும் கிடைத்தன. மற்றோரிடத்தில் மற்களமும் உடற்பயிற்சிக்கூடமும் கிடைத்தன.

தீவிரம், பயங்கரம், நாசம்

குண்டு வைத்தவர்களை அந்நாளில் ஆங்கில ஏடுகள் பெரிதும் குறித்த சொல்லுக்குத் தமிழில் ‘நாசவேலைக்காரர்’ என்பது பொருந்தும். இன்று அதே செயலை எழுதினால் ‘பயங்கரவாதம்’ என்போம். சிலர் ‘தீவிரவாதம்’ என்றும் எழுதுவர். இம்மூன்றும் ஒன்றல்ல.

நாசவேலை என்பது செயலின் விளைவைக் குறிக்கும். செய்தவனின் கொள்கையைப் பற்றி அது ஒன்றும் கூறாது. பயங்கரவாதம் என்பது செயலின் நோக்கத்தைக் குறிக்கும். பொதுமக்களிடம் அச்சத்தை விதைத்து அரசியல் பயன் பெறுதல். தீவிரவாதம் என்பது கருத்தின் அளவைக் குறிக்கும். 1907இல் சூரத் மாநாட்டில் காங்கிரசு பிளவுபட்டபோது மிதவாதிகள், தீவிரவாதிகள் என இரு பிரிவினராக அறியப்பட்டனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியும் தீவிரவாதிகளின் பக்கம் நின்றவர்கள். விடுதலைப் போராட்ட வரலாற்றில் அது பெருமைக்குரிய பெயர். இன்றைய செய்தித்தாளில் அதே பெயர் குற்றச்சாட்டு. நூறாண்டுக்குள் ஒரு சொல் இவ்வளவு தொலைவு நகர்ந்திருக்கிறது.

ஆகவே மாணவர்கள் எழுதும்போது இம்மூன்றையும் மாற்றி மாற்றி வழங்கலாகாது. கருத்து எவ்வளவு தீவிரமாயினும் அது கருத்தே. வங்கிக் கட்டடத்தில் வைக்கப்பட்ட குண்டு கருத்தன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், மாறுபட்ட கருத்துடையோரைக் கொலைகாரராகவும் கொலைகாரரை வெறும் கருத்து மாறுபாடு உடையோராகவும் காட்டிவிடுவோம். இரண்டும் அநீதியே.

மலர்கள் பேசிய மொழி

ஐந்தாண்டுகள் ஓடின. 1970 முதல் ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதராக இருந்தவர் லீ கூன் சோய். இந்தோனீசிய மொழி அறிந்தவர்; ஜாவானியரின் பண்பாட்டையும் நம்பிக்கைகளையும் ஆழ்ந்து பயின்றவர். சிக்கல் தீர வேண்டுமாயின் பிரதமர் இந்தோனீசியா வரும்போது அவ்விருவரின் கல்லறையில் மலர் தூவ வேண்டும் என்பது அவர் கூறிய யோசனை. 1973 மே மாதம் லீ குவான் இயூ ஜகார்த்தா சென்றார். காலிபாத்தாவில் 1965இல் கொல்லப்பட்ட தளபதிகளின் கல்லறைகளுக்கு மரியாதை செலுத்தியபின், உஸ்மான், ஹருண் ஆகியோரின் கல்லறைகளிலும் மலர் தூவினார்.

‘தாபூர் பூங்ஙா’ என்று இந்தோனீசியர் கூறும் இச்செயல், மறைந்தோரின் ஆவிக்கு மரியாதை செலுத்துவது. நடுகல்லுக்குப் பூச்சூட்டிய மரபினராகிய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மொழியியலார் ‘சொற்செயல்’ என ஒன்றைப் பேசுவர். மன்னிப்புக் கேட்டல், வாக்களித்தல், வாழ்த்துதல் போன்றவற்றில் சொல்வதே செய்வதாகும். காலிபாத்தாவில் நிகழ்ந்தது அதன் மறுபக்கம், செய்வதே சொல்வதாயிற்று.

சிங்கப்பூர் ‘தண்டனை தவறு’ என்று கூறவில்லை. கூறியிருந்தால் தன் நீதிமன்றத்தையும் மாண்ட மூவரையும் கைவிட்டதாகும். இந்தோனீசியா ‘குண்டு வைத்தது தவறு’ என்று கூறவில்லை. கூறியிருந்தால் தன் வீரர்களைக் கைவிட்டதாகும். எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஒரு தரப்பு தோற்றிருக்கும் இடத்தில் மலர் இரு தரப்புக்கும் இடம் தந்தது. இறந்தவர்களைப் பெற்ற தாயரும் உளர் என்பதை அது ஒப்புக்கொண்டது, தீர்ப்பைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு சுகார்த்தோ சிங்கப்பூர் வந்தார். பின்னர் இருபதாண்டுக்கும் மேலாக இரு தலைவர்களுக்கும் இடையே நிலவிய நம்பிக்கை இவ்வட்டாரத்தின் அமைதிக்கு அடித்தளமாயிற்று.

தூதர் ஒருவர் அயல்மொழியைக் கற்பது சந்தையில் பொருள் வாங்குவதற்காக மட்டுமன்று என்பதற்கு லீ கூன் சோய் சான்று. மொழியைக் கற்றவர் பலர் இருந்திருப்பர். அம்மொழி பேசுவோர் எங்கே சொல்லை விட்டுச் செயலால் பேசுகிறார்கள் என்பதை அறிந்தவரே வழி காட்டினார்.

பெயர் மீண்டும் எழுந்தபோது

மலர் தூவியதோடு கதை முற்றுப்பெறவில்லை. 2014 பிப்ரவரியில் இந்தோனீசியக் கடற்படை தன் புதிய போர்க்கப்பலுக்கு ‘உஸ்மான் ஹருண்’ எனப் பெயரிட்டது வெளியாயிற்று. நம் வெளியுறவு அமைச்சர் கா. சண்முகம் இந்தோனீசிய வெளியுறவு அமைச்சரைத் தொலைபேசியில் அழைத்துச் சிங்கப்பூரின் கவலையைத் தெரிவித்தார். மாண்டோரின் குடும்பத்தாருக்கு இது என்ன பொருள் தரும் என்பதே வாதத்தின் மையம். தம் நாட்டு வீரர்களின் பெயரைச் சூட்டுவது தம் உரிமை என்பது ஜகார்த்தாவின் மறுமொழி. அக்கப்பல் சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கு வர இயலாது எனச் சிங்கப்பூர் அறிவித்தது. சில மாதங்களில் இந்தோனீசியப் படைத்தலைவர் வருத்தம் தெரிவித்தார், பெயரோ மாறவில்லை.

மலரும் பெயரும் ஒன்றல்ல என்பதை இது காட்டியது. மலர் ஒரு நாளில் வாடும். அது அன்றைய பொழுதுக்கு உரியது. பெயர் கடலில் செல்லும், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒலிக்கும். கல்லறையில் தம் மக்கள் நடுவே ஒரு பெயர் இருப்பதைச் சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டிருந்தது. அதே பெயர் படைக்கலமாகத் தன் கடலோரம் வருவதை ஏற்க இயலவில்லை. சொல் வழங்கும் இடம் மாறினால் பொருளும் மாறும் என்று இலக்கண வகுப்பில் நாம் கூறுவது இதுதான்.

2015 மார்ச் 10 அன்று, குண்டு வெடித்த ஐம்பதாம் ஆண்டு நிறைவில், மெக்டோனல்ட் ஹவுசுக்கு எதிரே டோபி காட் பசும்புல் திடலில் மோதல் காலத்தில் மாண்டோருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. காலிபாத்தாவுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் சிங்கப்பூர் அளித்த விடை என்றும் அதனைக் கொள்ளலாம்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இவ்வரலாற்றை மூன்று பயிற்சிகளாக வகுப்பில் வழங்கலாம்.

முதலாவது, வேர்ச்சொல் பயிற்சி. தூதர் – டூத்தா, துரோகம் – டெர்ஹாக்கா, பயில்வான் – பஹ்லாவான், சத்தியம் – செத்தியா ஆகிய இணைகளை மாணவர்க்கு அளித்து, ஒவ்வொன்றும் எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே விலகுகிறது என எழுதச் சொல்லலாம். மலாயில் செத்தியா என்பது விசுவாசத்தைக் குறிக்கும். தமிழில் சத்தியம் என்பது உண்மையையும் ஆணையையும் குறிக்கும். மலாய் மொழி பயிலும் நண்பர்களிடம் கேட்டு எழுதினால் பயன் இரட்டிப்பாகும்.

இரண்டாவது, பெயரிடும் பயிற்சி. 1965 மார்ச் 10 நிகழ்வை ஐந்து வரிகளில் இருமுறை எழுதச் சொல்லலாம்: ஒருமுறை சிங்கப்பூர் நாளேட்டின் செய்தியாளராக, மறுமுறை ஜகார்த்தா நாளேட்டின் செய்தியாளராக. இரண்டிலும் நிகழ்ந்தவை மாறக் கூடாது. மூவர் மாண்டது மறைக்கப்படக் கூடாது. சொற்கள் மட்டும் மாறலாம். எழுதி முடித்தபின், எந்தச் சொல்லில் உண்மை வளையத் தொடங்கியது என்று வகுப்பே கண்டறியட்டும்.

மூன்றாவது, திருக்குறளின் நட்பு, பழைமை, தீ நட்பு, கூடா நட்பு ஆகிய அதிகாரங்களை வைத்துக் கலந்துரையாடல். நெடுநாள் நண்பர் உரிமையோடு கேட்பதைப் பொறுத்தல் எங்கே முடிகிறது, நீதியைக் காத்தல் எங்கே தொடங்குகிறது? ஒரே சரியான விடை இவ்வினாவுக்கு இல்லை. ஆனால் விடை தேடுவோர் மாண்ட மூவரையும் தூக்கிலிடப்பட்ட இருவரையும் ஒருசேர நினைவில் வைத்தே பேச வேண்டும். ஒருவரை மறந்துவிட்டால் விடை எளிதாகும், நேர்மையானதாக இராது.

அண்டை நாட்டின் மொழியைக் கற்பதும், நம் மொழியின் சொற்களை அளந்து வழங்குவதும் வெளியுறவு அமைச்சருக்கும் தூதருக்கும் மட்டும் உரிய கடமைகள் அல்ல. பல மொழியினர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் இந்நகரில் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் சிறு தூது செல்கிறோம். அதற்கான பயிற்சி தமிழ் வகுப்பிலேயே தொடங்கலாம்.